பாலுசாமி விழித்திருக்கிறார்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் ஒரு பசுவுக்கு விலை பேசிக்கொண்டு நின்றபோதுதான் பாலுசாமிக்குக் கால்விரல்கள் மதமதவென்றிருப்பது முதலில் தெரிந்தது. செருப்புக்குள் மணல் புகுந்துவிட்டதோ என்று கழற்றித் தட்டிப் பார்த்தார். மணல் இல்லை. முந்தின வாரம் வயிற்றுப்போக்கில் படுத்து எழுந்த அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மாட்டை வாங்காமலே தோப்புக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழப் பார்த்தார். கால்கள் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் கைகளும் துவண்டன. தம்பி சின்னராசு ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு பொள்ளாச்சியில் ஒரு டாக்டரிடம் காட்ட, அவர் பார்த்ததுமே கோயமுத்தூருக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார். ஜீப்பு கிணத்துக்கடவு தாண்டும்போது பாலுசாமிக்கு மூச்சு எட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கனகத்திடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு புரளவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவருக்கு எதுவும் ஞாபகமில்லை.

நினைவு வந்தபோது இருட்டாக இருந்தது. தொண்டைக்குள் ஒரு குழாய். பக்கத்தில் ஏதோ மெஷின் புஸ்ஸென்று காற்றை ஊதி ஊதி அவர் நெஞ்சை ஏற்றி இறக்கியது. கண்ணைத் திறக்கலாமென்று பார்த்தால் இமை அசையவில்லை. விரலை மடக்கப் பார்த்தார், புருவத்தைத் தூக்கப் பார்த்தார். உடம்பு முழுக்க வேறு யாருடையதோ போலக் கிடந்தது. காது மட்டும் நன்றாகக் கேட்டது.

"ஆஸ்பத்திரிக்குள்ள வரும்போதே மூச்சு நின்னிருந்துச்சுங்க. மூளைக்கு ரத்தம் போகாம இருந்திருக்கும். கிள்ளிப் பார்த்தாலும் அசைவு இல்ல, கண்ணுல லைட் அடிச்சாலும் கண்மணி சுருங்கல. நாங்க நம்பிக்கை குடுக்க முடியாதுங்க" என்று ஒரு டாக்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணனுக்கு நாம பேசறது கேக்குமுங்களா?" இது சின்னராசு.

"கேக்காதுங்க."

கேக்குதடா, கேக்குதடா என்று பாலுசாமி உள்ளுக்குள் கத்தினார். மெஷின் அதே நிதானத்தில் காற்றை ஊதியது.

அன்றிலிருந்து அவரிடம் யாரும் பேசவில்லை. அவரைப் பற்றித்தான் பேசினார்கள். புரட்டிப் படுக்க வைத்தவர்கள், ஊசி போட்டவர்கள், தரை துடைத்தவர்கள் எல்லோரும் அவருக்கு மேலாகவே பேசிக்கொண்டார்கள். எந்தப் பஸ்ஸில் கூட்டம், யார் வீட்டில் சீமந்தம் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடியாயிற்று. ஒருத்தராவது 'ஏனுங்க' என்று தன்னைக் கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தார்.

பார்வையாளர் நேரத்தில் கனகம் வருவாள். கண்ணாடி வளையல் உரசும் சத்தம் கட்டிலின் கால்மாட்டில் வந்து நிற்கும். தேங்காயெண்ணெய் வாசம் வரும். அவளாவது பேசுவாள் என்று பாலுசாமி காத்திருப்பார். ஆனால் கனகம் அளந்து பேசுகிற பெண். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் பேச்செல்லாம் பாலுசாமியுடையதுதான். கொப்பரை விலை, மழை, பங்காளித் தகராறு என்று அவர் பேசிக்கொண்டே இருப்பார். அவள் அடுப்பைப் பார்த்தபடி 'ம்' கொட்டுவாள். இப்போது அந்த 'ம்' கேட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. காது கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவள் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நிற்பாள், அவர் கால் மேல் போர்வையை இழுத்து விடுவாள், போய்விடுவாள். வளையல் சத்தம் கதவு வரைக்கும் போய்த் தேயும். பிறகு மறுநாள் வரைக்கும் அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டு கிடப்பார்.

ஒருநாள் கனகமும் சின்னராசுவும் சேர்ந்து வந்தார்கள். சின்னராசு மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினான்.

"அண்ணி, இப்பிடியே எத்தன நாளைக்குங்க போட்டு வெச்சிருக்கறது? உடம்பெல்லாம் ஊசி குத்திப் புண்ணாப் போச்சு. எங்கண்ணனுக்கு ஒரு ஈ உக்காந்தாக்கூடப் பொறுக்காது. அவரு மூச்சு நம்ம தோப்புல போகட்டுமுங்க. கொழாயக் கழட்டி ஊட்டுக்குக் கொண்டு போயிரலாமுங்க."

வளையல் உரசியது, போர்வை அவர் கால் மேல் ஏறியது. பிறகு கனகத்தின் குரல் கேட்டது. பாலுசாமி அத்தனை நாளாக ஏங்கிக் கிடந்த குரல்.

"சரி சின்னராசு. ஊட்டுக்குப் போயிரலாம். அவிய பட்டது போதும்."

பயப்பட வேண்டிய பேச்சு அது. பாலுசாமிக்குப் பயம் வரவில்லை. ஊட்டுக்கு என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது. ஜீப்பில் போகும்போது அவள் பக்கத்தில் உட்காருவாள், குலுங்கும் இடத்தில் தலையைப் பிடித்துக்கொள்வாள், கிணத்துக்கடவு தாண்டினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கும். மூச்சு போனால் போகட்டும், அது வரைக்கும் அவள் கை தன் தலையில் இருக்கும் என்று நினைத்தார். போகலாம், சீக்கிரம் போகலாம் என்றுதான் தோன்றியது.

சின்னராசு வண்டி ஏற்பாடு செய்யப் போனான். அந்த நேரத்தில்தான் நரம்பு டாக்டர் ரங்கநாயகி வார்டுக்குள் வந்தார். சொந்த வேலையாக வெளியூர் போயிருந்தவர் அன்றுதான் திரும்பியிருந்தார். நர்ஸ் சாந்தாமணியிடம் கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, பாலுசாமியின் முழங்கால் மூட்டுகளைச் சின்னச் சுத்தியலால் தட்டினார்.

"முதல்ல காலுதான் மரத்துச்சா? அப்புறம் கை, அப்புறம் மூச்சா? அதுக்கு முன்னால வயித்துப்போக்கா?" என்று கனகத்திடம் கேட்டார்.

"ஆமாங்கம்மா."

"வண்டிய நிறுத்தி வெக்கச் சொல்லுங்க. நான் ரெண்டு டெஸ்ட் பாத்துட்டுச் சொல்றேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

உருளை வண்டியில் ஒரு பெரிய மெஷினைக் கட்டில் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிறகு யாரோ அவர் காதருகே குனிவது தெரிந்தது.

"பாலுசாமிங்களா? நான் நரம்பு டாக்டருங்க, பேரு ரங்கநாயகி. உங்க தலையில கொஞ்சம் ஒயரு ஒட்டப் போறேன். வலிக்காதுங்க. மூளை எப்படி வேலை செய்யுதுன்னு பேப்பர்ல எழுதிக் காட்டும்."

பாலுசாமிக்கு அழ வேண்டும் போலிருந்தது. அழுவதற்கும் முகம் வேண்டுமே. தலைமுடியை விலக்கி விலக்கிச் சில்லென்று பசை தடவினார்கள். ஒயர்களை ஒட்டினார்கள். மெஷினை ஓட விட்டதும், வரிசையாகப் பேனா முனைகள் காகிதத்தில் கீறும் சத்தம் சரசரவென்று எழுந்தது.

"மேடம், இங்க பாருங்க" என்றாள் சாந்தாமணி, குரல் மாறி.

டாக்டர் குனிந்தார். அவர் விரல்கள் பாலுசாமியின் இமைகளை மெதுவாகத் தூக்கின. வெளிச்சம் வெள்ளமாக வந்து விழுந்தது. கலங்கலாக ஒரு கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு முகம். பேனாக்களின் சத்தம் சட்டென்று மாறியது. இமையை மூடிவிட்டார். பழைய சத்தம் திரும்பியது. மறுபடி தூக்கினார். மறுபடி மாறியது.

"கோமாவுல இருக்கறவங்களுக்கு அலை இப்படி வராது" என்றார் டாக்டர் மெல்ல. "கண்ண மூடிட்டு முழிச்சிருக்கற ஆளுக்குத்தான் வரும். தொறந்தா அடங்கிப் போகும். பாலுசாமி, நீங்க முழிச்சிட்டுத்தான் இருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க."

அந்த நிமிடத்தில் அவருக்கு உண்டானதை என்னவென்று சொல்வது? கிணற்றுக்குள் விழுந்து கத்திக்கொண்டிருந்தவனை மேலேயிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டது போலிருந்தது.

அடுத்து இன்னொரு சின்ன மெஷினை வைத்துக் கையிலும் காலிலும் கரண்ட் கொடுத்துப் பார்த்தார்கள். சுருக் சுருக்கென்று அடித்தது. கை துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. டாக்டர் மெஷினின் திரையைப் பார்த்துவிட்டு வெளியே போய், வாசலில் நின்ற கனகத்துக்கும் சின்னராசுவுக்கும் விளக்கினார். ஒவ்வொரு சொல்லும் பாலுசாமிக்குக் கேட்டது.

"மூளை நல்லா இருக்குதுங்க. கைகாலுக்குப் போற நரம்பு மேல ஒரு உறை இருக்கும், அதுதான் அரிச்சுப் போயிருக்கு. அவரு உடம்புல இருக்கற எதிர்ப்புச் சக்தியே தப்பா அதத் தின்னுருக்கு. உறை மறுபடி வளருமுங்க. மாசக்கணக்கா ஆகும், முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. ரத்தத்தச் சுத்தம் பண்ற சிகிச்சைய இன்னைக்கே ஆரம்பிச்சரலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. அவரு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. முதல் நாளிலிருந்தே கேட்டிருப்பாரு."

சின்னராசு ஓவென்று அழுதான். உள்ளே ஓடி வந்து அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டான். "அறியாமப் பேசிப்போட்டேன் அண்ணா" என்று தேம்பினான். பாலுசாமி வளையல் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அது வரவில்லை.

அன்று மட்டுமல்ல, மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பார்வையாளர் நேரத்தில் சின்னராசு வந்து தோப்பு நிலவரமெல்லாம் சொன்னான். வீட்டுப் பசு கன்று போட்டதைச் சொன்னான். அண்ணியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஊருக்குப் போயிருப்பாள் என்று பாலுசாமி முதலில் சமாதானம் செய்துகொண்டார். வாரம் ஒன்று போனது. இன்னொன்றும் போனது. அன்று சொன்ன வார்த்தையை நினைத்து வெட்கப்படுகிறாளோ? மூஞ்சியில் முழிக்க மாட்டாமல் இருக்கிறாளோ? அட பைத்தியக்காரி, வந்து நில்லேன், பேசக்கூட வேண்டாம், வளையலை ஒரு தரம் குலுக்கிவிட்டுப் போயேன் என்று மனசுக்குள் கெஞ்சினார். இப்போது எல்லோரும் அவரிடம் பேசினார்கள். தரை துடைக்கும் பூவாத்தாள்கூட "ஏனுங்க, கொசு கடிக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். யார் பேசினாலும் மனசு வாசலிலேயே கிடந்தது.

மார்கழி பிறந்து குளிர் ஏறியபோது, முகம் துடைத்துக்கொண்டிருந்த சாந்தாமணி திடீரென்று கையை நிறுத்தினாள்.

"ஐயா, கண்ணு மேல போச்சுங்களே! இன்னொருக்கா பண்ணுங்க பாக்கலாம்."

பாலுசாமி மொத்த உயிரையும் கண்ணுக்குக் கொண்டு வந்தார். இமை கீற்றாகத் திறந்தது. விழி மேலே ஏறி இறங்கியது.

டாக்டர் ரங்கநாயகி வந்து பார்த்துச் சிரித்தார். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், கீழே இறக்கினால் இல்லை என்று பழக்கிவிட்டார். போகும்போது, "இப்ப உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டுவிட்டு, சாந்தாமணியை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார்.

"வலிக்குதுங்களா?" கீழே.

"தாகமா?" கீழே.

"தம்பியக் கூப்புடட்டுமா?" கீழே.

சாந்தாமணி ஒரு கணம் அவரையே பார்த்தாள். "கனகம் அம்மாங்களா?"

கண் மேலே போனது. போனது அப்படியே நின்றது.

சாந்தாமணி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போனாள். அந்தத் திரை ஆடி நிற்பதற்குள் கனகம் உள்ளே வந்துவிட்டாள். ஊரிலிருந்து வருகிறவள் என்றால் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியாது. வாசலுக்கு வெளியே பெஞ்சில்தான் அத்தனை நாளும் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மெலிந்து போயிருந்தாள். கையில் வளையல் இல்லை. சத்தம் காட்டக் கூடாதென்று கழற்றி வைத்திருந்தாள்.

கால்மாட்டில் நின்றவள், பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

பாலுசாமியிடம் இருந்தது இரண்டே பதில். இல்லையென்றால் அவள் நிம்மதியாகப் போய்விடுவாள். ஆமாமென்றால் உடைந்து போவாள். கேட்டது, ஆனால் நீ நினைக்கிற மாதிரி எனக்குக் கேட்கவில்லை என்பதற்குக் கண்ணில் இடம் இல்லை. பொய் சொல்லவும் மனசு வரவில்லை.

கண்ணை மேலே தூக்கினார்.

"எம்மேல கோவமுங்களா?"

கீழே இறக்கினார். நம்பமாட்டாளோ என்று மறுபடியும் இறக்கினார். மறுபடியும். விழி வலித்தது. சாந்தாமணி, "போதுமுங்கய்யா, அவங்களுக்குப் புரிஞ்சுது" என்றாள்.

கனகம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். வெளியே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேட்டுப்பாளையத்துக்காரியின் கதையைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக் காப்பி வாயில் வைக்க விளங்காததைச் சொன்னாள். கல்யாணமான நாளாக அவர் கேட்டிராத அளவுக்குப் பேசினாள். மணி அடித்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னபோதுகூட வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே போனாள். பாலுசாமி கண்ணை மேலே தூக்கித் தூக்கி 'ம்' கொட்டினார்.

மூச்சுக் குழாய்க்காகத் தொண்டையில் போட்டிருந்த துளையை மூடி, அவருக்குக் குரல் திரும்பியபோது மாசி மாதம். வீட்டுக்கு வந்தது பங்குனியில். விரல்களில் பழைய பிடி வரவில்லை. இடுப்பில் வேட்டி நிற்கக் கனகம்தான் கட்டிவிட வேண்டும். கைத்தடி ஊன்றிக் களம் வரைக்கும் நடந்து, அங்கே காய்கிற கொப்பரையைப் பார்த்தபடி நாற்காலியில் உட்காருவார்.

ஒருநாள் வெயில் தாழ்ந்த நேரம். கனகம் கொப்பரையைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாகத் தொண்டையிலேயே வைத்திருந்ததை அவர் சொன்னார். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது.

"கனகம், அன்னிக்கு ஊட்டுக்குப் போயிரலாம்னு நீ சொன்னயில்ல? எனக்கு அதுல ஊடு மட்டுந்தான் காதுல உழுந்துச்சு. செத்தாலுஞ் சரி, ஜீப்புல எந்தலைய நீ புடிச்சிருப்பீன்னு நெனச்சேன். டாக்டரம்மா வண்டிய நிறுத்தச் சொன்னப்பக்கூட, அய்யோ, போக முடியலயேன்னுதான் இருந்துச்சு."

கனகம் கூட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? குரல் வந்து இத்தன நாளாச்சே."

"சொல்ல வருமான்னு தெரியல."

"நானும் தெனமும் கேக்கோணும் கேக்கோணும்னு இருந்தேனுங்க. வாயில வரல."

பக்கத்தில் வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் கொப்பரை எண்ணெய்ப் பிசுக்கு. களத்தில் வேலை செய்கிற பெண்கள் பார்ப்பார்களே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தெற்கே வால்பாறை மலைப்பக்கம் மேகம் கருத்துக்கொண்டு வந்தது.

"மழ வந்துருமாட்டம் இருக்குது, கொப்பரைய அள்ளோணும்" என்றார் பாலுசாமி.

"வரட்டுமுங்க" என்றாள் கனகம்.