வாளையின் வாயில் இருந்த முள்

"ஆறடியெல்லாம் இருக்காதுப்பா. சும்மா அளக்காத."

"உன் ஒசரம் இருந்துச்சும்மா. படகுக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு பாரு, ஒரு ஆள் படுத்திருக்கற மாதிரி."

"போன வாரம் நாலடின்னு சொன்ன."

"போன வாரம் ஒடம்பு கொஞ்சம் தேவலாம இருந்துச்சு. உண்மையைச் சொல்லிட்டேன்."

த்ரிசலா சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தாள். சமையலறையில் அம்மா கஞ்சி ஆற்றும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றால் அப்பாவும் மகளும் பேச்சை மாற்றிவிட வேண்டும். ஏழு வருடமாக அதுதான் ஏற்பாடு.

அப்பாண்டைராஜ் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். மாடி அறையில் குடியிருந்த ரூடி என்ற ஜெர்மன்காரர் ஊருக்குப் போகும்போது ஒரு மஞ்சள் கயாக்கை அவரிடம் விட்டுப்போனார். முன்னும் பின்னுமாக இரண்டே பேர் காலை நீட்டி உட்காரக்கூடிய ஒல்லியான படகு. ஞாயிறுதோறும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு சாத்தனூர் அணைக்குப் போய் அதை ஓட்டிவிட்டு வருவார். அதுவரைதான் வீட்டுக்குத் தெரியும். படகோடு ரூடி ஒரு தூண்டிலையும் விட்டுப்போனதை அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அம்மா ராஜமதி கிணற்று மோட்டார்க் குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டித் தண்ணீரை வடிகட்டுகிறவள். துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சாகக்கூடாது என்று, அதைத் திருப்பிப் போட்டு அலசிக் கிணற்றுத் தண்ணீரிலேயே விடுகிற சமணக் குடும்பம்.

பதினேழு வயதில் கல்லூரித் தோழிகளோடு அணைக்குப் போனபோது த்ரிசலா பார்த்துவிட்டாள். நடுத்தண்ணீரில் மஞ்சள் படகு. வில்லாக வளைந்த கோல். அப்பா குனிந்து, கைக்குழந்தையைத் தூக்குவது போல ஒரு பெரிய கட்லா மீனை இரண்டு கைகளாலும் ஏந்தினார். ஏதோ பேசினார். பிறகு தண்ணீரில் வைத்து, அது வாலை அசைத்து நழுவிப்போகும்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு தயிர்சாதத்தோடு பாதி எலுமிச்சம்பழத்தைச் சேர்த்து வைத்தாள், கையைத் தேய்த்துக் கழுவிக்கொள்ள. மாலையில் அப்பா காலி டப்பாவை அவளிடம் நீட்டி, அன்று பிடித்துவிட்ட மீனின் நீளத்தைக் காதோடு சொன்னார்.

"சிரிக்காதம்மா," என்றார் இப்போது. குரல் இறங்கிவிட்டது. "அந்த முள்ளு இன்னும் அதோட வாயிலயே இருக்கும்."

எந்த முள்ளைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். புழு மாட்டமாட்டார், மீன் போலப் பளபளக்கும் ஒரு தகரக் கரண்டிதான் இரை. தூண்டில் முள்ளில் பின்பக்கமாக ஒரு குட்டி முள் இருக்கும், மீன் உதறினாலும் கழன்றுவிடாமலிருக்க. அதைக் குறட்டால் நசுக்கி வழவழப்பாக்காமல் தண்ணீரில் போடமாட்டார். கடைசியாகப் போன அன்று புது முள். நசுக்க மறந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்துத்தான் அந்த ஆறடி வாளை மீன் வந்தது. அரைமணி நேரம் படகையே இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் வந்து அவரை ஒருமுறை பார்த்துவிட்டு தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு இறங்கிவிட்டது.

"துருப்பிடிச்சு தானா விழுந்துடும்பா. அணையில மீன் புடிக்கற முருகையன் அண்ணன் சொன்னாருல்ல?"

"விழற வரைக்கும் வலிக்குமில்ல?"

கஞ்சி ஆற்றும் சத்தம் நின்றது.

"வெயில் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு இன்னிக்கு," என்றாள் த்ரிசலா.

அம்மா டம்ளரோடு வந்து உட்கார்ந்தாள். "ஐப்பசியில என்னடி வெயிலு," என்றாள்.

மதியத்துக்கு மேல் மூச்சு மாறியது. மருத்துவமனையில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. மூன்று மணி பஸ்ஸில் பெரியப்பா வீரேந்திரன் வந்து சேர்ந்தார். கால் கழுவிவிட்டு வந்து தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஐவகைப் பெரியோரை வணங்கும் பஞ்ச மந்திரத்தை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். பொழுது சாய்வதற்குள் அம்மா கடைசியாக இரண்டு கரண்டி கஞ்சி கொடுத்தாள். ஒன்றுதான் இறங்கியது. இருட்டிய பிறகு அந்த வீட்டில் யாரும் எதுவும் சாப்பிடுவதில்லை.

"ராஜு, எல்லா உயிருங்ககிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கடா," என்றார் பெரியப்பா. "நான் ஒவ்வொண்ணா சொல்றேன். நீ மனசுல சொன்னாப் போதும்."

மரம் செடியிடம் கேட்டார்கள். எறும்பு, பூச்சியிடம். பறவைகளிடம். அப்பாவின் உதடுகள் ஒவ்வொன்றுக்கும் அசைந்தன. அத்தோடு முடித்து, பெரியப்பா மனிதர்களுக்கு வந்துவிட்டார். அப்பாவின் உதடுகள் நின்றன. கண்கள் த்ரிசலாவைத் தேடின. அவளுக்கு வாய்வரை வந்தது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சொல்லவும் முடியவில்லை, அந்தக் கண்களைப் பார்க்கவும் முடியவில்லை.

"மாமா," என்றாள் அம்மா. "தண்ணியில இருக்கறதை விட்டுட்டீங்க."

"எதைம்மா?"

"மீனு. மீனுக்கும் சொல்லுங்க."

பெரியப்பா ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார். அப்பா மனைவியின் முகத்தையே பார்த்தபடி, இந்தமுறை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வாய்விட்டுச் சொன்னார். அம்மா அவர் வாயோரத்து ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.

விளக்கு ஏற்றுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை முருகையன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அணைக்கரையில் அவர் குடிசையில்தான் படகு இத்தனை நாளும் இருந்தது. மேலெல்லாம் மீன் வாடை என்று தெருவிலேயே நின்றுகொண்டார். அம்மா வெளியே போய், "உள்ள வாங்க, அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்று கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

"நயினார் வந்தா மீனுங்களுக்கு லீவுன்னு கிண்டல் பண்ணுவேங்க," என்றார் முருகையன். சமணரான அப்பாவை அவர் நயினார் என்றுதான் கூப்பிடுவார். "புடிச்சு விடறதுக்கு எதுக்கு நயினாரே பெட்ரோல் செலவு, வூட்லயே குந்திக்கினு புடிக்காம வுடுங்களேன்னுவேன். அப்பவும் சிரிப்பாரு." காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

துடுப்பு சுவரோரம் சாய்ந்து நின்றது. த்ரிசலா கொல்லைப்பக்கம் போனாள். அம்மா குழாயிலிருந்து துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பத்துலேர்ந்தும்மா தெரியும்?"

"எலுமிச்சம்பழம் தேய்ச்சா கை வாடைதான்டி போகும். சட்டை?" என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை சட்டையை எப்பவாவது உன் துணியோட சேத்து நனைச்சிருக்கேனா?"

துணியைத் திருப்பிப் போட்டு, வாளித் தண்ணீரில் நிதானமாக அலசினாள். வாளியைக் கயிற்றில் கட்டி, சுவரில் இடிக்காமல் கிணற்றுக்குள் இறக்கினாள். அது தண்ணீரைத் தொடும்வரை காத்திருந்து மெல்லச் சாய்த்துவிட்டாள். கயிற்றைப் பிடித்தபடி கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"த்ரிசலா."

"ம்?"

"அந்தப் படகுல என்னையும் ஒரு தடவ கூட்டிக்கினு போறியா?"