என் குரல் மூடிய மூன்றாம் அடி

“‘எழுந்து வா’ன்னு நான் பாடவே இல்ல—”

“பாடினடி! பக்கத்துல நின்னவ நான்—”

“குழிக்குள்ள இறக்கப் போற புள்ளைய எவளாவது எழுந்து வான்னு—”

“நாடே அப்படித்தான் பாடுது. உனக்கு மட்டும் வேற பாட்டா?”

“நாடா பெத்துச்சு அவள?”

இப்படிக் கேட்டவள் எசினாம், என் தங்கை. பதினொரு வருடத்துக்கு முன் படகு கவிழ்ந்து அவள் மகள் தேலாவை, கேட்டா என்ற எங்கள் ஊர்க் காயல் கொண்டுபோனது. அடக்கத்தன்று எசினாம் நின்ற நிலையில் கட்டிப் பாடிய ஒப்பாரியை, கலைக்குழுக்காரர் சென்யோ பதிவு செய்துகொண்டு தலைநகருக்குப் போனார்.

அதோடு பாட்டு எங்கள் கையைவிட்டுப் போயிற்று. தேலா என்ற இடத்தில் நாடு என்று போட்டு, தாளத்தை முடுக்கி, விடுதலை நாளில் பாடினார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில், கீழே ‘மக்கள் பாடல்’ என்று எழுதி அச்சடித்தார்கள். அக்போசுமே ஊர்த் தறிக்காரர்கள் அந்தப் பாட்டின் பெயரில் ஒரு கெட்டேத் துணியே நெய்தார்கள். நானும் ஒன்று வாங்கி இடுப்பில் சுற்றியிருந்தேன்.

பாடாதவள் எசினாம் ஒருத்திதான். சாவு விழாத வீட்டில் ஒப்பாரியை வாயில் எடுத்தால் அடுத்த சாவைக் கூப்பிட்டதாகும். அதனால் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள். வைத்திருந்த இடத்தில் மூன்றாம் அடி எப்போது கரைந்ததோ, அவளுக்கே தெரியவில்லை. ‘எழுந்து வா’ என்று நாடு பாடும் அடி அங்கே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

இன்று அவளைத் தலைநகர் மைதானத்தில் மேடையேற்றிப் பாராட்டப் போகிறார்களாம். அழைத்துப்போக சென்யோ காரில் வந்து இறங்கினார். அந்தப் பழைய பதிவைக் கொண்டுவந்தால்தான் வருவேன் என்று அவள் முன்பே சொல்லியனுப்பியிருந்தாள்.

“முதல்ல தண்ணி குடிங்க தம்பி. கொண்டு வந்தீங்களா?”

“போன்ல ஏத்திக் கொண்டாந்திருக்கேன்மா.”

“வீட்டுக்குள்ள வேணாம். வெளிய வாங்க.”

தென்னைகளைத் தாண்டி, மீன் காயப்போடும் மணலில் போய் நின்றோம். அவர் போனை நீட்டினார். பதினொரு வருடத்துக்கு முந்திய எசினாம் பாடினாள்.

*தேலா, உன் அக்பிலேக் களி ஆறிப்போச்சு,*
*உன் செருப்பு கரையிலேயே கிடக்குது…*

அடுத்த அடி தொடங்கியது. அதே நொடியில் ஒரு பெரிய ஓலம் எழுந்து அதை முழுசாக விழுங்கியது. ஓலம் அடங்கியபோது பாட்டு நாலாம் அடிக்குப் போய்விட்டிருந்தது.

“மறுபடி போடுங்க,” என்றாள் எசினாம்.

மறுபடியும் அதே ஓலம். அது யார் குரல் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாய் பாடும்போது அவளுடைய அக்கா கூடவே கத்த வேண்டும், அவளைத் தனியாக அழவிடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

“அந்த ஒரு அடி மட்டும் எங்களுக்குக் கேக்கலம்மா,” என்றார் சென்யோ, மணலைப் பார்த்தபடி. “வெத்தா விடக் கூடாதுன்னு ‘எழுந்து வா’ன்னு நாங்களே எழுதிச் சேர்த்தோம்.”

எசினாம் அவரைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“கத்தினது நீதானேக்கா. என் வாய்க்குப் பக்கத்துலதானே உன் காது இருந்துச்சு. என்ன பாடினேன்?”

காரோட்டி தூரத்திலிருந்து ஹாரன் அடித்தான். என் காதில் அன்று என் சத்தம் மட்டுமே இருந்தது. இடுப்புத் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டேன்.

“படுத்துக்கோன்னு பாடினடி. ‘படுத்துக்கோ தேலா, குளிருது, துணிய அம்மா இழுத்துப் போத்திவிடறேன்’னு.”

அவள் உதடு அதைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. இரண்டாம் தரமும் சொல்லிப் பார்த்தது. முகம் லேசாக இளகியது. பிறகு என் கையைத் துணியிலிருந்து விடுவித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நம்ம அம்மா மேல சத்தியமாச் சொல்லுக்கா. இது நான் பாடினதா, நீ பாடறதா?”