அறையில் இன்னொரு குரல்

இப்போதெல்லாம் எவனும் முகத்தைப் பார்த்து வேலை கொடுப்பதில்லை. முன்பு சிப்காட் கம்பெனி கேட்டில் பயோடேட்டாவை நீட்டினால் ஒரு ஆள் வாங்குவான். வேண்டாம் என்றால் வாயால் சொல்வான். இப்போது போனுக்குள் இருந்து மெஷின் கேள்வி கேட்கிறது. அதை எப்படி நம்புவது?

என் மருமகள் ஜெனிபருக்கு மழைக்காலத்தோடு காண்ட்ராக்ட் வேலை போய்விட்டது. என் மகன் சம்பளம் வாடகைக்கே சரி. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை, செக்கிங் செக்‌ஷன். அதற்குத்தான் மெஷின் இன்டர்வியூ. சர்ச்சுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாமா, ரூம்ல நான் மட்டும்தான் இருக்கணுமாம். கொஞ்சம் வெளிய குந்துங்க."

எங்களுடையது ஒரே அறை. வெளியே வந்தேன், ஆனால் திரைச்சீலையை ஒட்டியே நின்றேன். மெஷின் பெண்குரலில் இனிக்க இனிக்கப் பேசியது. அதுவே எனக்குச் சந்தேகம்.

"செக்கிங் வேலையில் எத்தனை வருட அனுபவம்?"

"ரெண்டு வருஷம்" என்றாள் ஜெனிபர்.

எனக்குப் பொறுக்கவில்லை. திரையை விலக்கித் தலையை நீட்டினேன். "மூணு சொல்லும்மா! பல்பு கம்பெனில ஒரு வருசம் செஞ்சியே, அத வுட்டுட்டியே!"

"அறையில் இன்னொருவர் குரல் கேட்கிறது. நேர்காணல் முடிக்கப்படுகிறது" என்றது மெஷின். போனில் எல்லாம் மறைந்து வெறும் வெள்ளையானது.

"அது பேக்கிங் மாமா. அவங்க கேட்டது செக்கிங்" என்றாள். புடவையை மாற்றிக்கொண்டு வந்து, "நாஷ்டா துன்னீங்களா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் எங்கள் ஊர் புதுவாயலில் ஷேர் ஆட்டோ பிடித்து அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி வரதன் எங்கள் தெருக்காரன்தான்.

"கொரல் குடுத்தது நானு. பொண்ணு மேல தப்பில்ல. அதுகிட்ட சொல்லுப்பா."

"எதுகிட்ட நைனா?"

"அந்த மெஷினாண்டதான்."

வரதன் சிரித்தான். "அது இங்க இல்ல. எங்க கீதுன்னு எச்.ஆர். சாருக்கே தெரியாது. அது அனுப்புற பேருதான் அவரு கைக்கு வரும்."

சட்டைப் பையிலிருந்து அவள் பயோடேட்டாவை எடுத்து நீட்டினேன்.

"பேப்பரு இப்ப வாங்கறதில்ல நைனா. ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் போடச் சொல்லு. அன்னிக்கி நீ ஊட்ல இருக்காத."

"உனக்கு இந்த வேலைய யாரு குடுத்தா?"

"அதே மெஷின்தான். நான் தனியா குந்திகினு பேசினேன்."

சுருக்கென்றது. ஆறு மாசம் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இன்று அவள் உள்ளே இருந்திருப்பாள்.

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. வரதன் கேட்டைத் திறக்க ஓடினான்.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை பக்கம் நடந்தேன். தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேக்கிங்கும் வேலைதானே? நாள் முழுக்க நின்றுகொண்டே செய்தாளே, அது எந்தக் கணக்கில் போனது? மூணு வருசம்தான். எவன் கேட்டாலும் மூணுதான் சொல்வேன்.