கேட்டு வாங்கியவை

மாலை ஐந்து மணிக்கு அண்ணன் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. அதற்குள் கடைக் கம்ப்யூட்டரை மாமாவின் கைக்குத் தோதாக மாற்றிவைத்துவிட வேண்டும் என்று அவள் காலை பத்து மணிக்கே அதன் முன் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா அவளுடைய மாமனார். மூக்குக்கண்ணாடிக் கடை அவருடையது. முன்பக்கம் பிரேம்கள் அடுக்கிய அலமாரியும் கம்ப்யூட்டர் மேசையும். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் லென்ஸை பிரேமின் வடிவத்துக்குத் தேய்க்கும் மெஷின். மாமா தேய்ப்பார், அவர் மகன், அதாவது அவள் கணவன், வருகிறவர்களின் பவரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான், கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் அவள் இரண்டு பேருக்கும் இடது கையாகவும் வலது கையாகவும் இருந்தாள். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே, தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தபடி, தேய்வது கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று சொல்லிவிடுவாள். "உனக்குப் பாம்புச் செவி" என்று கணவன் கேலி செய்வான்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்பதுகூட அவள் காதில் ஏறுவதில்லை. பல் பிடுங்கும் முன் ஈறில் ஊசி போட்டால் உதடு யாருடையதோ போல இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வலி இல்லை. வேறு எதுவும் இல்லை.

"இனிமே அங்க உனக்கு என்ன இருக்கு? வந்துடு" என்று அண்ணன் போனில் சொன்னான். பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் "சரி" என்று சொல்லிவிடுவது அவளுக்குப் பழகிவிட்டது. சரி என்றாள். மாமாவிடம் சொன்னபோது அவரும், "சரிம்மா" என்றார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். கணவன் போட்டது. அதில் ஒரு அழகு உண்டு. டெஸ்க்டாப் என்று நம் கண்ணுக்குத் தெரிகிற முகப்பு, அதாவது ஐகான்கள், ஜன்னல்கள், மூலையில் ஓடும் கடிகாரம் எல்லாம் சட்டை மாதிரி. உள்ளே உடம்பு வேறு. பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். பழைய டெஸ்க்டாப் கனமானது; திறக்கவே நான்கு நிமிஷம் எடுத்தது. அதை எடுத்துவிட்டு, லேசான ஒன்றைப் போட்டு, பெரிய பெரிய ஐகானாக நான்கே நான்கு வைத்துக் கொடுத்தால் மாமா ஆள் துணையில்லாமல் சமாளித்துக்கொள்வார். எதை எப்படி அழுத்துவது என்று ஒரு நோட்டிலும் எழுதத் தொடங்கியிருந்தாள்.

சட்டையைக் கழற்றும் முன் மாற்றுச் சட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவள் வைத்துக்கொள்ளவில்லை. பழைய டெஸ்க்டாப்பை நீக்கியதும் கம்ப்யூட்டர் ஒரு நீளப் பட்டியலைக் காட்டியது. 'இவை தானாக வந்தவை. இனி தேவையில்லை. நீக்கிவிடலாம்.' மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பேக்கேஜ்கள், அதாவது ஆளுக்கொரு வேலை செய்கிற சின்னச் சின்ன மென்பொருள்கள். அவள் ஒன்றையும் படிக்கவில்லை. சரி என்று தட்டினாள்.

மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டபோது கறுப்புத் திரையும் கண் சிமிட்டும் ஒரு கோடும்தான் வந்தன. அது எதிர்பார்த்தது. புது டெஸ்க்டாப்பைக் கொண்டுவா என்று தட்டச்சு செய்தாள். 'சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்றது. அது எதிர்பாராதது. இன்டர்நெட்டே இல்லை.

"தங்கச்சி, மூக்கு மேல இருக்க வேண்டியதை சீட்டு மேல வெச்சேன். அதுக்கு மேல நான் உட்கார்ந்துட்டேன்" என்றபடி பஸ் டிரைவர் உள்ளே வந்தார். கணவனின் சிநேகிதர். காகிதப் பொட்டலத்தை மேசையில் பிரித்தார். இடது லென்ஸ் முழுசு, வலது தூள். "ஆறு மணிக்கு வண்டி எடுக்கணும். இது இல்லாம எடுத்தேன்னா எல்லாரையும் நேரா மேலோகத்துல கொண்டுபோய் இறக்கிடுவேன்."

"உங்க பவர் இதுக்குள்ளதான் இருக்குண்ணே. ஆனா இது இப்ப எதையும் காட்டாது."

டிரைவர் திரையை எட்டிப் பார்த்தார். "ஓ, நிஜமாவே கறுப்பா? கண்ணாடி இல்லாததால எனக்குத்தான் அப்படித் தெரியுதுன்னு நினைச்சேன்."

கண் டாக்டர் கடைக்கு வருவது வாரத்தில் இரண்டு நாள், இன்று வரமாட்டார்; புதிதாகப் பவர் பார்க்கவும் வழியில்லை. டிரைவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவள் தன் போனில் புது டெஸ்க்டாப்பின் கோப்பை இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் செருகினாள். நிறுவப் பார்த்தால், ஜன்னல்களை வரைகிற பேக்கேஜ் இல்லாமல் முடியாது என்றது. அதையும் கொண்டுவந்தாள். எழுத்துகளை வரைகிறது வேண்டும் என்றது. அதைக் கொண்டுவந்தால் இன்னும் இரண்டு. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய ஆட்களின் பெயரைச் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றது.

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையால்ல இருக்கு" என்றார் டிரைவர். "அதுவும் ஒவ்வொரு பூதமும் ரெண்டு மச்சானைக் கூட்டிக்கிட்டு வருது."

பன்னிரண்டாவது பேக்கேஜ் ஒரேயடியாக முரண்டு பிடித்தது. இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதைவிடப் புதிய ஒன்றைக் கேட்டது. அப்போதுதான் கவனித்தாள், இறக்கியதெல்லாம் இதற்கு அடுத்த பதிப்புக்கான கோப்புகள். பாதி உள்ளே, பாதி வெளியே. முன்பானால் வியர்த்திருக்கும். இப்போது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து மாமா வந்தார். "என்னம்மா, எதையாவது கழட்டிட்டியா?"

"நூத்தி நாப்பத்து மூணு மாமா."

"எண்ணத் தெரிஞ்சவளுக்குப் பார்க்கத் தெரியலையாக்கும்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருத்தப்பட்டவர்போல அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எதை எப்போது நீக்கினோம் என்று கம்ப்யூட்டர் தேதி, மணியோடு ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும். அவள் அதைத் திறந்து, இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பாதிக்குக் கீழே இருந்தது, இன்டர்நெட்டைப் பிடித்துக்கொடுக்கிற பேக்கேஜ்.

"இதான் மாமா. இதுவும் போயிருக்கு."

"நல்லா வேலை செஞ்சுக்கிட்டு இருந்தது ஏன் போச்சு?"

விளக்கம் கேட்டால் அவளுக்குச் சொல்ல வரும். அது மட்டும் இன்னும் போகவில்லை. "நீங்க ஒரு பிரேம் வாங்கறீங்க. அது கூடவே ஸ்க்ரூ, மூக்குல உட்கார்ற பட்டை எல்லாம் வருது. நீங்க கேட்டது பிரேமைத்தான். மத்ததெல்லாம் அதுக்காக வந்தது. கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணு மேலயும் குறிச்சு வெச்சிருக்கும், இது கேட்டு வாங்கினது, இது கூட வந்ததுன்னு. பிரேமைத் தூக்கிட்டா, கூட வந்ததை வேற யாரும் கேக்கலைன்னா, இனி தேவையில்லைன்னு எழுதிடும்."

"நான் ஸ்க்ரூவைத் தூக்கிப் போட மாட்டேனே. டப்பால போட்டு வெப்பேன்."

"கம்ப்யூட்டர் உங்களை மாதிரி இல்ல மாமா. அதுக்கு, எது எதுக்காக வந்ததுங்கறதுதான் கணக்கு. எவ்வளவு நாளா இருக்கு, என்ன வேலை செய்யுதுன்னெல்லாம் பார்க்காது."

"அப்ப அதைக் காப்பாத்த வழியே இல்லையா?"

"இருக்கு. இதை நான் கேட்டு வாங்கினேன்னு ஒரு வரி எழுதினா போதும். குறி மாறிடும். அப்புறம் யார் போனாலும் இது போகாது."

"யார் எழுதணும்?"

"கம்ப்யூட்டருக்கு யார் பொறுப்போ அவங்க. அதுவா எழுதிக்காது."

மாமா கறுப்புத் திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து தடுப்புக்குப் பின்னால் போய்விட்டார்.

அவள் செய்த தப்பு, கதவு பூட்டியிருக்கும்போது சாமான்களை ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக இறக்கப் பார்த்தது. முதலில் கதவைத் திறக்க வேண்டும். போனைச் சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனின் இன்டர்நெட்டைப் பகிர்ந்துவிட்டாள். கேபிளைக் கம்ப்யூட்டர் உடனே அடையாளம் கண்டுகொண்டது. போனிடமிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு முகவரி எண் வாங்கிக் கொடுத்தால் இன்டர்நெட் வந்துவிடும். முகவரி கேட்கிற ஒரு சின்னப் பேக்கேஜ் தப்பியிருந்தது. அது எப்படித் தப்பியது?

கேட்டு வாங்கியவற்றின் பட்டியலைப் பார்த்தாள். அறுபது, அறுபத்தைந்து பெயர்கள். எல்லாம் கணவன் தன் கையால் பெயர் தட்டிக் கேட்டவை. முகவரி கேட்கும் பேக்கேஜ், பிரின்டருக்கான ஒன்று, தமிழ் எழுத்துகள். நடுவில், கண்ணிவெடி தேடும் ஒரு சின்ன விளையாட்டு. கடையில் ஆள் வராத மத்தியானங்களில் அவள் விளையாடுவதற்காகப் போட்டது. அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். மனசில் ஏதாவது வருமா என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

முகவரி கிடைத்தது. பென் டிரைவ் வழியாக வந்து பாதியில் நின்ற வேறு பதிப்புப் பேக்கேஜ்களை வெளியேற்றச் சொன்னாள். அவை போனதும் முடிச்சு தானாகத் தளர்ந்தது. புது டெஸ்க்டாப்பைக் கேட்டாள். இப்போது கம்ப்யூட்டரே யாருக்கு யார் வேண்டும் என்று கணக்குப் போட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை வரிசையில் நிறுத்தி, தொடரலாமா என்று கேட்டது. இந்த முறை படித்துவிட்டுத்தான் சரி என்று தட்டினாள்.

பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது அண்ணன் வந்தான். "பை ரெடியா? ஆறு மணி பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன்" என்று டிக்கெட்டைக் கையை முழுசாக நீட்டிப் பிடித்து நேரத்தைப் படித்தான்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சா அது எதிர்க்கடைக்குப் போயிடும்" என்றார் டிரைவர். "ஆறு மணி வண்டிதானே? அவசரமில்லை. அதை ஓட்டறவன் நான்தான். நான் இங்க உட்கார்ந்திருக்கற வரைக்கும் அது கிளம்பாது."

அண்ணனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மாமா வெளியே வந்ததும் நிமிர்ந்து நின்றான். "தப்பா நினைக்காதீங்க மாமா. மாப்பிள்ளைக்காக இந்த வீட்டுக்கு வந்தவ. அவரே இல்லாதப்ப, இவ இங்க எதுக்குன்னு நாலு பேர் கேப்பாங்க."

"நாலு பேரை விடு. நீ கேக்கறே, நான் சொல்றேன்." மாமா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் துடைக்க ஒன்றுமில்லை. "அவன் கூட வந்தவதான். இல்லைங்கலை. ஆனா கடையில இரும்மான்னு இந்த எட்டு மாசத்துல நான் ஒரு வார்த்தை கேக்கலை. போகணும்னு நினைக்கறவளைப் பிடிச்சு வெக்கக் கூடாதேன்னு இருந்துட்டேன். அது என் தப்பு. இப்ப கேக்கறேன். எனக்கு இவ வேணும். என் பையனுக்காக இல்ல. உன்கூட வரணும்னா வரட்டும், போற இடம் அவ அண்ணன் வீடு, குறை சொல்ல மாட்டேன். ஆனா இங்க வேலை இல்லைன்னு மட்டும் சொல்லி அழைச்சுட்டுப் போகாதே."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கேட்டாள்தான். பக்கத்து வீட்டில் யாரோ யாருக்கோ சொல்வதுபோலக் கேட்டது. நல்ல வார்த்தைகள் என்று தெரிந்தது. "இன்னும் எழுபது பேக்கேஜ் இருக்கு" என்றாள்.

ஐந்தரைக்குத் திரை வெளிச்சமானது. நீலப் பின்னணியில் நான்கு பெரிய ஐகான்கள். டிரைவர் கைதட்டினார்.

"என்னம்மா இது, யானைக்குப் போட்ட எழுத்து மாதிரி?" என்றார் மாமா. "ஊருக்கே கண்ணாடி மாட்டறவன் நான். எனக்கு எதுக்கு இவ்வளவு பெருசு? சின்னதாக்கு."

"நான் இல்லாதப்ப வசதியா இருக்கும் மாமா. இருக்கட்டும்."

அவள் டிரைவரின் பெயரைத் தேடி வலது கண்ணின் பவரைப் படித்தாள். மாமா துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு உள்ளே போனார். இழுப்பறை திறந்து மூடியது.

அவள் நோட்டில் கடைசி வரியை எழுதி மேசையின் நடுவில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். அவள் வாசற்படியில் ஒரு காலை வைத்தபோது உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியது.

அவள் நின்றாள். மெஷினில் கண்ணாடிக்கு ஒரு கல், பிளாஸ்டிக்குக்கு ஒரு கல். சரியான கல்லில் பிளாஸ்டிக் ஈரத் துணி கிழிவதுபோலச் சத்தம் போடும். மாறி வைத்தால் கல்லின் பல்லில் தூள் அப்பிக்கொண்டு, அடித்தொண்டையில் ஓர் இழுப்பு வரும். லென்ஸ் சூடேறி ஓரம் இளகிவிடும். இது இழுத்தது.

"மாமா, நிறுத்துங்க!" குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "பிளாஸ்டிக் லென்ஸைக் கண்ணாடிக் கல்லுல வெச்சிருக்கீங்க."

மெஷின் நின்றது. பிறகு தடுப்புக்குப் பின்னாலிருந்து, "ஆமாம்மா" என்றது மாமாவின் குரல். "கவனிக்கலை."

தெருவில் ஒரு சைக்கிள் மணி, எதிர்க்கடையில் ஷட்டர், டிரைவர் மூக்கை உறிஞ்சியது எல்லாம் அவள் காதில் விழுந்தன. அழுகை வரவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, நீ போயிட்டு வா. அண்ணிகிட்ட இன்னொரு நாள் வரேன்னு சொல்லு."

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். என்ன பார்த்தானோ, அவளுக்கு எடுத்த டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "பக்கத்து சீட்டு காலி. காலை நீட்டிக்கிட்டு வாங்க தம்பி" என்றார் டிரைவர். "முதல்ல எனக்குக் கண்ணு வரட்டும்."

மாமா வேறு லென்ஸ் எடுத்துக் கல்லை மாற்றி மெஷினைப் போட்டார். இந்த முறை சத்தம் சரியாக இருந்தது. அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, இன்டர்நெட் பேக்கேஜின் பெயரை, கேட்டு வாங்கியவற்றின் பட்டியலில் சேர்த்தாள். பிறகு ஐகான்களைச் சின்னதாக்கினாள்.