கம்பைலர் தேடிய காலை

பால் ஆலையின் வால்வுகளைத் திறந்து மூடும் கணினி காலையிலேயே மண்டையைப் போட்டது. புதுக் கணினி வந்துவிட்டது. நிரல்தான் அதில் ஓட மறுத்தது. எல்லாரும் கைகழுவிவிட்ட ஒரு தர்க்க நிரல்மொழியில் எழுதப்பட்ட நிரல் அது. நூறு வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும்; ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய தகவல் வரும்வரை காத்திருந்து, வந்ததும் கிளம்பும். அந்த மொழியைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் யாரிடமும் இல்லை.

ஆலையின் பெண் பொறியாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இணையத்தில் அவ்வகை மொழிகளுக்கென்றே ஒரு பக்கம் அகப்பட்டது. முதல் லிங்கைத் தட்டினாள், பக்கம் இல்லை. அடுத்ததில் செருப்பு விற்றார்கள்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா ஆச்சு? பால் திரிஞ்சா தயிர் ஆலைன்னு போர்டை மாத்திட வேண்டியதுதான்!"

"தேடிட்டே இருக்கேன் சார்."

பக்கத்தின் அடியில், அதை நடத்தியவரின் தொலைபேசி எண் இருந்தது. அழைத்தாள். ஒரு பெண் எடுத்தார்.

"அவர் போன வருஷம் தவறிட்டாரும்மா. நான் அவர் சம்சாரம்."

இவள் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னாள்.

"அவர் கம்ப்யூட்டர் இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு. அணைக்கக் கை வரல. தொட்டதும் இல்ல."

"நான் சொல்லச் சொல்லச் செய்வீங்களாம்மா?"

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "சொல்லு."

இரண்டு கோப்புறை தாண்டியதும் அந்த அம்மா எதையோ தவறி அழுத்திவிட்டார். போனில் ஓர் ஆண் குரல் கிளம்பியது. தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த மொழியைப் பற்றிப் பாடம் நடத்தியது.

"ஐயோ, அவர் பேசறாரு!"

அந்த அம்மா அதை நிறுத்தவில்லை. குரல் விளக்கிக்கொண்டே போனது. கண்ணாடிக்கு வெளியே மேலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இவளுக்கோ 'நிறுத்துங்க' என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

கடைசியில் அந்த அம்மாவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "அவர் பேச்சு எங்கயும் போயிடாதே?"

"போகாதும்மா."

"அப்ப உன் வேலையை முதல்ல பாப்போம்."

இவள் சொன்னபடி அந்த அம்மா தேடி அனுப்ப, கம்பைலர் வந்தது. அதோடு மல்லுக்கட்டி, சில வரிகளை மாற்றி நிரலை ஓட வைத்தாள். ஒரு தொட்டிப் பால் வீணானது, மற்றவை தப்பின. வால்வுகள் சடசடவெனத் திறந்தன.

நன்றி சொல்ல மறுபடி அழைத்தாள். "அந்தப் பாடங்களையும் அனுப்புவீங்களா? இணையத்துல போட்டா தேடறவங்களுக்கு உதவும்."

"நாலு பேர் கேக்கணும்னுதானே பேசி வெச்சிருக்காரு? அனுப்பறேன்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா முதல்ல நான் கேட்டு முடிச்சுடறேன். ஒண்ணும் புரியாது. பரவாயில்ல."