ஈறில் ஒரு நீலக்கோடு

பேரிங் பொருத்தம் பார்க்க ஒரு நீல மை உண்டு. தண்டில் மெல்லிசாகத் தடவி, பேரிங்கை அதன்மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால், இடிக்கிற இடத்திலெல்லாம் நீலம் ஒட்டியிருக்கும். ஒட்டிய இடத்தைச் சுரண்ட வேண்டும். மறுபடி தடவி, மறுபடி சுற்றி, மறுபடி சுரண்ட வேண்டும். தாராவியில் ஆறுமுகநயினார் வீட்டில் அந்த நீலம் படாத சாமானே கிடையாது. தலையணை உறையில் இருக்கும், அரிசி டப்பா மூடியில் இருக்கும். அதனால், வயிற்று வலி என்று சுருண்டு கிடந்த நாலு வயசு கோமுவின் உதட்டைப் பிதுக்கிப் பார்த்த சண்முகவடிவு, ஈறு ஓரத்தில் ஒரு நீலக்கோட்டைக் கண்டதும் புருஷன் மேல்தான் பாய்ந்தாள்.

“உங்க மையை எங்க வச்சிய? பிள்ளை எடுத்து வாயில வச்சிருக்கா பாருங்க.”

“பரண்லலா இருக்கு. அவளுக்கு எப்படி எட்டும்?” என்றார் நயினார். கையிலிருந்த சுரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு மையைப் பற்றிய கவலை இல்லை. மூத்தவள் காந்திமதிக்கும் இப்படித்தான் வயிற்று வலியில் தொடங்கியது. பூச்சி என்றார்கள், மாந்தம் என்றார்கள். ரெண்டு மாசம் வலி, அப்புறம் மூணு நாள் வலிப்பு, தை பிறந்த நாலாம் நாள் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். இப்போது பங்குனி.

சண்டைக் காலத்தில் நயினார் அம்பர்நாத்தில் பட்டாளத்து லாரிகளுக்கு பேரிங் ஊற்றிக்கொண்டிருந்தார். சண்டை முடிந்ததும் வேலையும் முடிந்தது. வீட்டின் பின்னால் தகரச் சாய்ப்பு இறக்கி, ஒரு உலையும் ஒரு வைஸும் போட்டுக்கொண்டு சொந்தமாக உட்கார்ந்தார். வந்ததெல்லாம் ரேஸ் கார் வேலை. மலபார் ஹில் பணக்காரப் பிள்ளைகள் சண்டைக்கு முன்னால் கப்பலில் இறக்கிய ரெண்டு ஸீட் கார்களுக்கு சீமையிலிருந்து ஒரு திருகாணிகூட வராத காலம் அது. அவர்கள் எங்காவது ஒரு மைதானத்தில் கண்மண் தெரியாமல் ஓட்டுவார்கள். சூடு தாங்காமல் பேரிங்குக்குள் இருக்கும் ஈயம் உருகி வழிந்துவிடும். பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றி, முடி கனம் பிசகாமல் சுரண்டிக் கொடுக்கப் பம்பாயில் நயினாரைவிட்டால் ஆள் இல்லை. ஊற்றுவதற்கு வெள்ளீயம் வேண்டும். மலேயாவை ஜப்பான்காரன் பிடித்ததிலிருந்து வெள்ளீயம் கண்ணில் படவில்லை. நயினார் பழைய பாட்டரித் தகடுகளை உருக்கிக் காரீயத்தைக் கூட்டிக்கொண்டார். ஒரு பணக்காரப் பையன் இன்னொரு பணக்காரப் பையனுக்கு நாலு கஜம் முன்னால் போவதற்காக ஒரு குடும்பம் புகை தின்றது. எனக்கு அந்தப் பையன்கள் மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை. ஆனால் இந்தக் கதையில் அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் டாக்டர் வேங்கடசுப்ரமணியன் இருந்தார். அவர் பஞ்சை நனைத்துக் கோமுவின் ஈறைத் துடைத்துப் பார்த்தார். நீலம் பஞ்சில் ஒட்டவில்லை.

“இது மை இல்லை. நீர் என்ன வேலை பார்க்கறீர்?”

நயினார் சொன்னார். டாக்டர் பஞ்சைத் தொட்டியில் போட்டார்.

“காரீயம். ரத்தத்துல ஏறியிருக்கு. ஆத்துக்குள்ளயே உருக்கறீரா?”

“பின்னால சாய்ப்புல உருக்குதேன் ஐயா.”

“ரெண்டுக்கும் ஒரே காத்துதானே. இன்னியோட நிறுத்தும். பால் நன்னாக் கொடுங்கோ. இந்தக் கோடு இருக்கே, இது மறையணும். மறைஞ்சால் விஷம் இறங்கறதுன்னு அர்த்தம்.”

“மூத்தவளுக்கும் இந்த வலிதான் சாமி வந்துச்சு” என்றாள் சண்முகவடிவு. டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். திரும்பும்போது அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்.

“உடைங்க அதை.”

நயினார் அன்றைக்கே உலையைச் சம்மட்டியால் உடைத்தார். பாதி சுரண்டிய பேரிங்குகளைத் துணியில் சுற்றிக் காரின் சொந்தக்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அவர் கத்துவதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். பரேலில் ஒரு டாக்ஸி ஷெட்டில் ஃபிட்டராகச் சேர்ந்தார். சாய்ப்பைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார். தரையைக் கொத்திப் புது மண் போட்டார். ஒன்றரை மாசம் ஆயிற்று. கோமு தேறவில்லை. முன்பு வலிக்காவது அழுதுகொண்டிருந்த பிள்ளை இப்போது அழுவதையும் விட்டுவிட்டது. பால் தம்ளரைப் பிடித்தால் மணிக்கட்டு தொங்கிவிடும், பால் மடியில் கொட்டும்.

புகை இல்லை, பின்னே விஷம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வி நயினாரைத் தூங்கவிடவில்லை. கடைசியில் அவருக்கு ஒரு பதில் கிடைத்தது. சமையல் பாத்திரங்களுக்கு மார்கழியில் ஈயம் பூசியிருந்தார்கள். பூசியவர் ஷேக் பரீத், மேலப்பாளையத்துக்காரர். வெள்ளீயம் கிடைக்காத காலத்தில் அவர் மட்டும் எதைப் பூசியிருப்பார்? தான் செய்கிற காரியத்தை அடுத்தவனும் செய்வான் என்று நினைத்துக்கொள்வதில் மனுஷனுக்கு ஒரு நிம்மதி.

சந்தில் துருத்தி ஊதிக்கொண்டிருந்த ஷேக் பரீத் முன்னால் குழம்புச் சட்டியைப் போட்டார் நயினார்.

“இதுல என்னத்தப் பூசினீரு பாய்? காரீயம் கலந்தீரா?”

ஷேக் பரீத் அவரை நிமிர்ந்து பார்த்தார். சாக்குக்கு அடியிலிருந்து விரல் கனத்துக்கு ஒரு ஈயத் துண்டை எடுத்து, எழுந்து வந்து, நயினாரின் காதருகே வைத்து வளைத்தார். துண்டு கறகறவென்று முனகியது.

“வெள்ளீயம் வளைச்சா அழும். காரீயம் அழாது. இது உமக்குத் தெரியாததா அண்ணாச்சி? எங்கிட்ட இருக்கது இந்தத் துண்டுதான். இது தீந்தா கடையைக் கட்டிருவேனே ஒழிய, பிள்ளைக திங்கிற சட்டியில கள்ளத்தனம் பண்ண மாட்டேன்.”

நயினார் குனிந்து சட்டிக்குக் கை நீட்டினார்.

“ஒம்ம மூத்த பிள்ளைக்குக் குழி வெட்டையில நானும் நின்னேன்லா” என்றார் ஷேக் பரீத். சட்டியை எடுத்துத் துடைத்து, நயினாரின் கையில் கொடுத்துவிட்டுத் துருத்தியிடம் போய் உட்கார்ந்தார். நயினார் அவமானம் தாங்காமல் தலையைக் குனிந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஷெட்டுக்குப் போக வேண்டாம். காலையில் எழுந்து சும்மா உட்கார்ந்திருந்தார். தண்ணீர் புழங்கும் மோரி ஓரத்தில் சண்முகவடிவு கோமுவை மடியில் கிடத்திப் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மண்ணெண்ணெய் டின். அதில் விரலை விட்டுச் சாம்பலை எடுத்து, நீலக்கோட்டின் மேலேயே அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். டாக்டர் கோடு மறைய வேண்டும் என்று சொன்ன நாளிலிருந்து காலையும் சாயங்காலமும் இப்படித் தேய்க்கிறாள். பிள்ளை முரண்டு பண்ணவில்லை, விரலைச் சப்பியது.

“துப்புடி. முழுங்கிறதே வேலையாப் போச்சு உனக்கு.”

“இனிக்கும்மா” என்றாள் கோமு.

சாம்பல் எங்காவது இனிக்குமா? நயினார் எழுந்து போய் டின்னைத் தூக்கினார். பாதி டின்தான் இருந்தது. சாம்பல் என்றால் காற்றைப் போல இருக்க வேண்டும். அவர் கை சடக்கென்று கீழே இறங்கியது. பதினைந்து வருஷம் உலோகம் ஊற்றிய கைக்குத் தராசு எதற்கு? உருகிய காரீயத்தின் மேல் ஏடு கட்டும் கசடை வழித்து வழித்து உலைக்குள்ளேயே எறிந்தவர் அவர்தான். அது பொடிந்து கரிச் சாம்பலோடு சாம்பலாகக் கிடந்தது. ஸ்டவ் வந்த பிறகு பல் விளக்கச் சாம்பல் இல்லை என்று போன வருஷம் அவள் குறைப்பட்டபோது, அந்த உலைச் சாம்பலைப் பழைய வேட்டியில் சலித்து, திருநீறு மாதிரி இருக்கு பார் என்று டின் நிறையக் கொடுத்தவரும் அவர்தான். பெரியவர்கள் துப்பிவிடுவார்கள். ரெண்டு பிள்ளைகளும் ஒரு வருஷம் விழுங்கியிருக்கின்றன.

டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க் கடற்கழிச் சேற்றில் ஆழக் குழி தோண்டிக் கொட்டி மூடினார். வரும்போது கடையில் ஒரு பல்பொடிப் பொட்டணம் வாங்கிவந்தார். சண்முகவடிவு வாசலிலேயே நின்றாள்.

“நல்ல சாம்பலை எதுக்குக் கொட்டினிய?”

சொல்லிவிடத்தான் நினைத்தார். சொல்லிவிட்டால் பாரத்தில் பாதி இறங்கிவிடும். ஆனால் அது போய் இறங்குகிற இடம் எதிரில் நின்றது. காலைதோறும் தாடையைப் பிடித்து, ஈ காட்டு கண்ணு என்று சொல்லி ரெண்டு பிள்ளைகளின் வாயிலும் போன விரல் அது. நயினார் அந்த விரலையே பார்த்தார். வாய்வரை வந்ததை விழுங்கினார்.

“அதுலயும் என் பட்டறைப் புகை படிஞ்சிருக்கும். வேண்டாம்” என்றார்.

“அப்ப எல்லாம் புகைதான். எம் பிள்ளையைக் கொன்னது உங்க புகைதான்.”

“ஆமா.”

“நான் பல்லு விளக்கி, பாலு குடுத்து, பொத்திப் பொத்தி வளத்தேன். நீங்க பின்னால உக்காந்து கொன்னிய.”

“ஆமா” என்றார் நயினார் மறுபடியும். பிறகு, “கையைக் கழுவிட்டுப் பிள்ளையைத் தூக்கு” என்றார்.

“என் கையில என்ன இருக்கு? உங்க கை படாம இருந்தா அதுவே போதும்.”

அவர் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள்.

கோமு பிழைத்தாள். தீபாவளிக்குள் கோடு மறைந்தது, தம்ளரும் கையில் நின்றது. அதற்கு முன்பே சண்முகவடிவு அவளைத் தூக்கிக்கொண்டு பாண்டுப்பில் அண்ணன் நம்பிராஜன் வீட்டுக்குப் போய்விட்டாள். போனவள் திரும்பவில்லை. யார் விசாரித்தாலும், மூத்தவளை அப்பன் புகை வைத்துக் கொன்றான் என்று சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைப் பார்க்கப் போகும் நயினார், வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொள்வார்.