ஊமையனின் வயல்

நூடுல்ஸ் கடைக்காரி புவா கரண்டியை வைத்துவிட்டு, "எங்க தாத்தா" என்று மணிவான் நீட்டிய புகைப்படத்தை வாங்கிப் பார்த்தாள். "அட, நம்ம ஊமையன்ல இது!" என்று சிரித்தாள். அப்புறம்தான் அந்த உடுப்பு அவள் கண்ணில் பட்டது. ராஜாவின் படை உடுப்பு. கை சுட்டதுபோலப் படத்தை மேசையில் போட்டாள்.

"எனக்குக் கண்ணு சரியில்ல. யாரோ எவரோ. நீ சாப்பிட்டு ஊரைப் பாக்கக் கிளம்பு, பொண்ணே."

மணிவான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அவள் அம்மாவின் அப்பா இன்பெங், உள்நாட்டுப் போரில் ராஜாவின் பக்கம் நின்று சண்டையிடப் போனவர், இந்த மேட்டுநிலத்திலிருந்து திரும்பவேயில்லை. தோற்ற பக்கத்து ஆள் என்பதால் தலைநகர் வியந்தியானில் இருக்கும் வீட்டில் அவர் பேச்சையே எடுப்பதில்லை. காய்ச்சலில் போய்விட்டார் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார்கள். இந்தப் புத்தாண்டுக்கு மற்றவர்களெல்லாம் கோயில் மதிலோரம் வைத்திருக்கும் முன்னோர் எலும்புக்கு நீர் வார்த்துக்கொண்டிருக்க, அம்மா சொம்பும் கையுமாக எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் நின்றாள். அன்று சாயங்காலம்தான் படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

சூப்பு ஆறுவதற்குள் ஊர்த்தலைவர் தோங்சய் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் வெட்டுக்கத்தி. யாரும் எதுவும் சொல்லாமலே படத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஊமையனைப் பத்திக் கேட்டியாமே. வா, காட்டறேன்."

"எங்க அண்ணா?"

"வயலுக்கு."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் தத்தம் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

ஊர் முடிந்ததும் வெள்ளைக் குச்சிகள் தொடங்கின. "நான் கால் வெச்ச எடத்துலயே கால வை. குச்சிக்கு அந்தப் பக்கம் போர்ல விழுந்த குண்டு இன்னும் எடுக்கல. போன வாரம் ஒரு எருமை போச்சு."

மணிவான் அவர் தடத்திலேயே கால் வைத்து நடந்தாள். இந்த ஆள் தோளால் லேசாக இடித்தால் போதும். குண்டில் கால் வைத்துவிட்டாள் என்பார்கள். யார் கேட்கப்போகிறார்கள்? கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை.

"உன்னை யாரு அனுப்புனது?" திரும்பாமலே கேட்டார்.

"அம்மா."

"பேரு?"

"சந்தலா."

அவர் நின்றுவிட்டார். அவருடைய முதுகு மூச்சில் ஏறி இறங்குவது தெரிந்தது. சட்டென்று கத்தியை உருவினார். மணிவான் ஓட முடியாது, இரண்டு பக்கமும் குச்சிகள். அவர் முன்னாலிருந்த புதரை வெட்டித் தள்ளினார். உள்ளே, பாசி பிடித்த ஒரு கல்.

"இவருதான். எங்கப்பா."

மணிவான் கல்லருகே குனிந்தாள்.

"அடிபட்டுக் கெடந்தவரை எங்கம்மாதான் தூக்கிட்டு வந்தா. வாயத் தொறந்தா வியந்தியான் பேச்சு. அதுவே காட்டிக் குடுத்துடும். குண்டுச் சத்தத்துல பேச்சு போயிடுச்சுன்னு அம்மா ஊர்ல சொல்லிட்டா. அதோட சரி. சாகறவரைக்கும் ஊமைதான். ஒரு தடவ ஜெயிச்ச பக்கத்து ஆளுங்க சந்தேகப்பட்டு, கொள்ளிய உள்ளங்கையில வெச்சுப் பாத்தாங்க. மாடு மாதிரி கத்துனார். ஒரு வார்த்தை வரல."

"அப்போ எங்கம்மாவப் பத்தி உங்களுக்கு..."

"இங்க வந்துதான் எங்கிட்டப் பேசுவார். குண்டுக்கு நடுவுல எவன் வந்து ஒட்டுக் கேப்பான்? 'சந்தலான்னு உனக்கு ஒரு அக்கா இருக்காடா. சோத்தக் கையில உருட்டி வெச்சுக்கிட்டே தூங்கிடுவா'ன்னு சொல்லிச் சொல்லி அழுவார்."

"மாமா..." என்றாள் மணிவான்.

"அப்படிக் கூப்பிடாத!" அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "என் பையன் போலீஸ்ல சேரப்போறான். தாத்தா யாருன்னு தோண்டுவாங்க. உன்னை என்ன பண்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டேதான் வந்தேன்."

என்ன யோசித்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

தீப்பெட்டியை எடுத்துப் படத்தைக் கொளுத்தினார். அவள் தடுக்கவில்லை. பிறகு கல்லைப் புரட்டிவிட்டு மண்ணைக் கத்தியால் கீறத் தொடங்கினார். ஒருமுறை நுனி எதிலோ 'டங்' என்று பட்டது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அவர் விரலால் மெல்ல மண்ணை விலக்கிப் பார்த்தார். சாம்பலும் எலும்பும் போட்டு மூடிய பானையின் தகர மூடி. மணிவானின் மேல்துணியில் பாதி எலும்பை அள்ளிப் போட்டு முடிந்து கொடுத்தார். மீதியை மறுபடியும் மூடினார்.

கடை வாசலில் கூட்டம் கூடியிருந்தது.

"கெடைச்சாரா உன் தாத்தா?" என்றாள் புவா.

பக்கத்தில் தோங்சய் வண்டிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லக்கா. இவர் வேற ஆளு. எங்க தாத்தா பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாராம். ஊமையெல்லாம் இல்ல."

யாரோ சிரித்தார்கள். புவா சிரிக்கவில்லை. அவள் பார்வை துணிமுடிச்சுக்குப் போனது.

"அது என்னது?"

"இஞ்சி." முடிச்சை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "தலைவர் குடுத்தார்."

புவா முடிச்சையும் தோங்சய்யையும் மாறிமாறிப் பார்த்தாள். "எங்க ஊமையன் போட்ட இஞ்சியா இருக்கும்," என்றாள் மெதுவாக. "நல்ல மனுசன். கீழ வெக்காத. மடியிலயே வெச்சுக்கோ."

இவளுக்குத் தெரியுமா? எத்தனை பேருக்குத் தெரியும்? மணிவான் தோங்சய்யைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது.

பேருந்து மலை இறங்கிய பிறகுதான் கைப்பேசி அடித்தது. எடுத்ததும் அம்மா முதலில் கேட்டது, "யாரும் உன்னைக் கவனிக்கலையே?"

"வீட்டுக்கு வந்து சொல்றேம்மா," என்றாள் மணிவான். பின்னிருக்கையில் யாரோ இருமினார்கள். அவள் முடிச்சை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.